கார் தெரியாமலே கார் வாங்குவது

பானட்டைத் திறந்து காட்டும்போது எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வருபவர்களுக்காக இந்த அத்தியாயம். ஓட்டத் தெரியும், ஆனால் வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது என்பதுதான் முதல் கார் வாங்கும் பெரும்பாலோரின் நிலை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எஞ்சினைப் பார்க்கக் கூலி கொடுத்து ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொள்ளலாம். ஆர்.சி.யை வண்டியோடு ஒத்துப் பார்ப்பது, கடைக்காரர் வாயால் சொன்னதை எழுதி வாங்குவது, சரிப்படவில்லை என்றால் எழுந்து வருவது ஆகிய மூன்றையும் நீங்கள்தான் செய்தாக வேண்டும். இவற்றுக்குக் கார் அறிவு வேண்டாம், நிதானம் போதும். பழுதான எஞ்சினைப் பணம் செலவழித்துச் சரி செய்துவிடலாம். பெயர் மாற்ற முடியாத வண்டியைப் பணம் இருந்தாலும் சரி செய்ய முடியாது. அதனால் இந்த அத்தியாயத்தில் எஞ்சினைவிடக் காகிதத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கடைக்குப் போகும் முன்

கையில் ஐந்து லட்சம் இருந்தால் நாலரை லட்சத்துக்குள் காரைத் தேடுங்கள். மீதி ஐம்பதாயிரம் மிச்சமாகாது. டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், முதல் சர்வீஸ் என்று ஒரே மாதத்தில் கரைந்துவிடும். இந்தத் தொகையை ஒதுக்காமல் முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்தவர்கள்தான் தேய்ந்த டயரோடு நெடுஞ்சாலையில் போகிறார்கள்.

எந்தக் கார் என்ற கேள்விக்கு என் பதில் எளிது: உங்கள் ஊர்ப் பட்டறைகளில் தினமும் நிற்கிற கார். வேகன்-ஆர், ஸ்விஃப்ட், ஐ10, ஐ20 போன்றவற்றுக்கு எந்தச் சிற்றூரிலும் உதிரிபாகம் உண்டு. பார்த்துப் பழகிய கைகளும் உண்டு. செவ்ரோலே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு, இங்கே கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவித்தது. இந்தக் கார்கள் மோசமானவை அல்ல, விலையும் கவர்ச்சியாகவே இருக்கும். ஆனால் உதிரிபாகத்தைத் தேடிப் பிடித்துப் பழகியவருக்கே அவை பொருந்தும், உங்களுக்கு வேண்டாம்.

ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பாதுகாப்பையும் கணக்கில் எடுங்கள். 2019 ஏப்ரலில் கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. 2022-லிருந்து ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய கார்களின் அடிப்படை மாடல்களில் இவை இல்லாமல் இருக்கலாம். ஐம்பதாயிரம் மிச்சம் என்று ஏர்பேக் இல்லாத வண்டியில் குழந்தைகளை ஏற்றுவதை நான் எந்த வாசகருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்ரோலா டீசலா? வாரம் இரண்டு முறை கடைத்தெரு, மாதம் ஒரு முறை சொந்த ஊர் என்றால் பெட்ரோல். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நகருக்குள் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்குப் பெருந்தொகை ஆகும்.

விலையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, அதே ஆண்டு, அதே மாடல் வண்டிகள் நாலைந்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைப்பது. இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். நிறுவனம் அந்த வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு அது. நான்கு முதல் ஐந்து வயது வரையான வண்டிக்கு, அதே மாடலின் புது விலையில் பாதியைக் கழித்து மதிப்பிடுவது வழக்கம். சந்தை விலை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் மிகவும் எட்டி நின்றால் காரணம் கேளுங்கள். புதுக்காரின் இன்றைய விலையையும் ஒருமுறை பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய கார் விலையை இன்னும் அதற்கு முந்தைய புது விலையை வைத்தே சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

யாரிடம் வாங்குவது

கார் நிறுவனங்களே நடத்தும் கடைகள் ஒரு வகை: மாருதியின் ட்ரூ வேல்யூ, ஹூண்டாயின் எச் பிராமிஸ், டொயோட்டாவின் யூ டிரஸ்ட். இணையவழி நிறுவனங்கள் இன்னொரு வகை: கார்ஸ்24, ஸ்பின்னி. மூன்றாவது நம் ஊர் ஆட்டோ கன்சல்டிங். முதல் இரண்டில் விலை சற்று ஏறும். பதிலுக்கு வாரன்டி கிடைக்கும், பெயர் மாற்றத்தையும் அவர்களே ஒரு முறையோடு முடித்துத் தருவார்கள். கன்சல்டிங்கில் பேரம் பேசலாம், நல்ல வண்டி மலிவாகவும் அமையும், ஆனால் எல்லாம் அந்த ஒரு மனிதரின் நாணயத்தில் நிற்கிறது. ஊரில் இருபது வருடமாக ஒரே இடத்தில் கடை வைத்திருப்பவர் பெயரைக் கெடுத்துக்கொள்ள யோசிப்பார். முதல் காருக்கு, விலை வித்தியாசம் தாங்கக்கூடியது என்றால், வாரன்டி தரும் கடையையே நான் சொல்வேன். ஆனால் அந்த வாரன்டி தாளை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டுமே அதில் அடங்கும். கிளட்ச், பிரேக், பேட்டரி, ஏ.சி. பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கன்சல்டிங்கில் முதலில் கேட்க வேண்டியது வண்டியைப் பற்றியே அல்ல. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்பவர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்று படிவம் 29பி. ஐந்து ஆண்டு செல்லும். உரிமையாளர் வண்டியைக் கடையில் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததும், சட்டத்தின் பார்வையில் அந்த வண்டிக்குக் கடைக்காரரே உரிமையாளர் போன்றவர். பெயர் மாற்றம், எஃப்.சி. (தகுதிச் சான்று), என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம், பொறுப்பும் அவருடையது. இந்தச் சான்று இல்லாமல் நடக்கும் கடைகள் இன்னும் நிறைய. அங்கே வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வாங்கினால் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளரை நீங்கள் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, இது உங்க சொந்த ஸ்டாக்கா, பார்ட்டி வண்டியா?” பார்ட்டி வண்டி என்றால் உரிமையாளர் விற்கச் சொல்லி நிறுத்தியிருக்கிறார், கடைக்காரருக்குக் கமிஷன் மட்டும். அப்போது உரிமையாளரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். “அவர் துபாயில இருக்கார், எல்லாம் நானே பார்த்துக்குவேன்” என்று பதில் வந்தால் அடுத்த வண்டிக்கு நகருங்கள்.

காகிதம்

வண்டியைச் சுற்றிப் பார்க்கும் முன் அதன் எண்ணை எம்பரிவாஹன் செயலியில் போடுங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைந்து வரும். மற்ற விவரங்களில் பெரும்பாலானவை வரும். பதிவான தேதி, எரிபொருள், வண்டி வகை, இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் இருக்கிறதா என்பதையெல்லாம் கடைக்காரர் சொன்னவற்றோடு ஒத்துப் பாருங்கள். “சிங்கிள் ஓனர் வண்டி சார்” என்று சொல்லப்பட்ட வண்டியின் உரிமையாளர் வரிசை எண் 3 என்று ஆர்.சி.யில் இருந்தால், மூன்று பேர் கை மாறியது பெரிய குற்றமில்லை. முதல் பேச்சிலேயே பொய் வந்ததுதான் விஷயம்.

அசல் ஆர்.சி.யைக் கையில் வாங்கி மூன்று இடங்களை நிறுத்திப் படியுங்கள். ஒன்று, தயாரித்த மாதமும் ஆண்டும். 2018 நவம்பரில் தயாரானது 2019 பிப்ரவரியில் பதிவாகியிருந்தால் கடைக்காரர் 2019 மாடல் என்பார். விலை பேசும்போது தயாரிப்பு ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஹைப்போதிகேஷன். அங்கே வங்கியின் பெயரோ நிதி நிறுவனத்தின் பெயரோ இருந்தால், கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். “லோன் முடிஞ்சுது, லெட்டர் வந்துக்கிட்டு இருக்கு” என்றால், வந்த பிறகு பணம் வந்துசேரும் என்று சொல்லுங்கள். மூன்று, சேசிஸ் எண். வண்டியில் அது எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லி, பதினேழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். வெல்டிங் தழும்போ சுரண்டிய தடமோ இருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

வாடகைக்கு ஓடிய டி-போர்டு வண்டிகள் பின்னாளில் ஓன் போர்டாக மாற்றப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. டாக்ஸியாக ஓடியதை ஒளிக்காமல் சொல்லி அதற்கேற்ற விலை வைத்தால் அது நேர்மையான வியாபாரம். வெள்ளைப் பலகையில் மஞ்சள் பெயின்ட் எட்டிப் பார்க்கிறதா, வகை மாற்றம் ஆர்.டி.ஓ. பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வெளிமாநில வண்டி மலிவாக வரும். டெல்லியில் பத்து வயது தாண்டிய டீசலுக்கும் பதினைந்து வயது தாண்டிய பெட்ரோலுக்கும் நீதிமன்ற உத்தரவுகளால் வந்த கட்டுப்பாடு காரணமாக, அந்த வயதை நெருங்கிய வண்டிகள் பல தெற்கே நகர்ந்துள்ளன. அந்த விலையோடு தமிழ்நாட்டு ஆயுட்கால வரி, பழைய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., மறுபதிவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் காணாமல் போகும். முதல் காரை உங்கள் மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ பதிவான வண்டியாகவே வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசி, கார் தெரியாதவர் கையில் இருக்கும் மிக நல்ல கருவி. அதில் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் அச்சாகியிருக்கும். விபத்துக்காகப் பணம் கோராமல் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே ஒரு முறை கோரினாலும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஆறு வயது வண்டி, முதல் உரிமையாளர், என்.சி.பி. 20 என்று இருந்தால் இடையில் ஒரு கிளெய்ம் போயிருக்கிறது, அல்லது இன்சூரன்ஸ் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். கீறலுக்காகவும் இருக்கலாம், முன்பக்கம் நொறுங்கியதாகவும் இருக்கலாம். “எதுக்குக் கிளெய்ம் எடுத்தாங்க, பில் இருக்கா?” என்று கேளுங்கள். “ஒரு சின்ன அடிகூடப் படாத வண்டி” என்று சற்று முன் சொன்னவர் எப்படி விளக்குகிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மீட்டரைக் குறைப்பது இந்த வியாபாரத்தில் சுலபமான ஏமாற்று. டிஜிட்டல் மீட்டரையும் லேப்டாப் வைத்து மாற்றிவிடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் வழியும் காகிதத்தில்தான் இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறை வண்டி வரும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். உங்களுக்குத் தரத் தயங்கினால் உரிமையாளர் மூலமாகவோ கடைக்காரர் மூலமாகவோ வாங்கித் தரச் சொல்லுங்கள். 2021-ல் 61,000 கிலோமீட்டர் என்று பில்லில் உள்ள வண்டி இன்று 48,000 காட்ட முடியாது.

வண்டியைப் பார்க்கும் நாள்

பகலில், வெயிலில், மழை பெய்யாத நேரத்தில் பாருங்கள். கடையின் விளக்கொளியிலும் மழை ஈரத்திலும் எல்லாப் பெயின்டும் புதிதாகத் தெரியும். முந்தின நாளே போன் செய்து, “நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். வெயிலில் நிற்காமலே சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டி எழுப்பிவைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினை முதல்முறை கிளப்பும்போது வரும் சத்தமும் புகையும்தான் உண்மையைச் சொல்லும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இரண்டில் எது வந்தாலும் அந்த வண்டி உங்களுக்கில்லை.

சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், டேஷ்போர்டைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, கிளப்பியதும் அணைய வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் அந்த விளக்கு மட்டும் எரியவே இல்லையென்றால் கவனியுங்கள்: விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்துவிடும் வழக்கம் உண்டு. ஹோண்டா உள்ளிட்ட சில நிறுவனங்கள், டக்காட்டா நிறுவனம் தயாரித்த பழுதான ஏர்பேக்குகளை இலவசமாக மாற்றித் தரக் கார்களைத் திரும்ப அழைத்தன. சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் மாற்றப்பட்டதா என்று தெரியும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் தயாரானது. நான்கு டயரின் தேதியையும் ஸ்டெப்னியின் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். இருபதாயிரம் கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லும் காரில் நான்கு டயரும் மாறியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். கண்ணாடிகளின் மூலையிலும் ஆண்டுக் குறியீடு உண்டு. எல்லாம் ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடி விழுந்திருக்கலாம், கல் தெறித்தும் உடைந்திருக்கலாம். அந்தப் பக்கக் கதவு, தூண், பெயின்ட் மூன்றையும் கூர்ந்து பாருங்கள். கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா? பானட் கீலில் உள்ள போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்து ஸ்பானர் பட்ட தடம் தெரிகிறதா? குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் மெல்லிய காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். தகட்டுப் பாகங்களில் எங்காவது அது ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்போதும் ஒட்டாது.

சின்ன டிங்கரிங், டச்சப் எல்லாக் கார்களிலும் இருக்கும். அதற்காக நல்ல வண்டியை விடாதீர்கள். வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியது, கூண்டின் எலும்பான தூண்களும் எஞ்சினின் இருபுறமும் உள்ள ஏப்ரன் தகடுகளும் வெட்டி ஒட்டப்பட்ட வண்டியைத்தான்.

தமிழ்நாட்டில் வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மீண்டும் சென்னையும், அதே மாதத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டி கழுவிப் பளபளப்பாக வரும். ஆறு மாதம் கழித்து ஒயரிங் ஒவ்வொன்றாகப் போகும். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக்கறை இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள். இருக்கையின் கீழே உள்ள தண்டவாளத்தில் துரு, கம்பளத்தின் அடியில் ஈர வாசனை, கண்ணாடியை மூடி ஏ.சி. போட்டதும் வரும் புழுக்க நாற்றம் ஆகியவை வெள்ளத்தின் அடையாளங்கள். தூக்கலான வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தால் கதவைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் கழித்து உட்காருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணையுங்கள், பேச்சையும் நிறுத்தச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் டெஸ்ட் டிரைவில் நிறையப் பேசுவார்கள். வேகத்தடை உள்ள தெரு, ஒரு மேம்பாலம், கொஞ்சம் திறந்த சாலை மூன்றும் இருக்கும் வழியாகப் போங்கள். வேகத்தடையில் ‘கடக்’ என்ற சத்தம் சஸ்பென்ஷனுடையது. மேம்பாலத்தில் எஞ்சின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஆளில்லாத நேர்சாலையில் ஸ்டியரிங்கை இலேசாகப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. நண்பகலில் ஏ.சி. பத்து நிமிடத்தில் குளிர வேண்டும், சிக்னலில் நிற்கும்போதும் குளிர வேண்டும்.

இதையெல்லாம் பார்த்து வண்டி பிடித்துப்போனால் அப்போது மெக்கானிக்கை அழையுங்கள். கடைக்காரர் காட்டும் மெக்கானிக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் உறவினர் வண்டி விடும் பட்டறைக்காரர் நல்லது. முடிந்தால் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவர். ஸ்கேனர் கொண்டுவரச் சொல்லுங்கள், லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். “நல்லா இருக்குங்க” என்ற ஒற்றை வரி பதிலுக்கு நீங்கள் பணம் கொடுக்கவில்லை. என்னென்ன மாற்ற வேண்டும், எப்போது, என்ன செலவாகும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளே நாளை பேரத்தில் உங்கள் பக்கம் பேசும். வண்டியை வெளியே கொண்டுபோய்ச் சோதிக்க விடமாட்டேன் என்னும் கடையில் வாங்காதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

பெண் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க மேடம், பேசிக்கலாம்” என்று சொல்லும் கடைகள் இன்னும் இருக்கின்றன. விலையும் விவரமும் வாங்குபவரிடம்தான் சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் உங்கள் பணம் போக வேண்டிய அவசியமில்லை.

விலையும் எழுத்தும்

“காலையில ஒரு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டுடுவாங்க.” இதை நீங்கள் கேட்டே தீருவீர்கள். போகட்டும். ஸ்விஃப்ட்டும் ஐ10-ம் ஆயிரக்கணக்கில் ஓடுகிற நாட்டில், இந்த வண்டி போனால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். முதல் நாள் பார்த்த வண்டியை முதல் நாளே முடிக்காதீர்கள். ஓர் இரவு தள்ளிப் போடுங்கள்.

மெக்கானிக் தந்த தாளை மேசையில் வைத்துப் பேசுங்கள். “நாலு டயரும் மாத்தணும், கிளட்ச் ஆறு மாசத்துல வந்துடும், இவ்வளவு செலவு. இதைக் கழிச்சுச் சொல்லுங்க.” காரணத்தோடு கேட்கும் விலைக்குறைப்பை நல்ல வியாபாரி மதிப்பார். ஜி.எஸ்.டி. என்று தனியாகச் சேர்த்தால் கணக்குக் கேளுங்கள். பழைய காருக்கு ஜி.எஸ்.டி. முழு விலைக்கு அல்ல, கடைக்காரரின் லாபத்துக்கு மட்டும், 18 சதவீதம். நாலு லட்சத்துக்கு வாங்கி நாலரை லட்சத்துக்கு விற்றால் ஐம்பதாயிரத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய். நாலரை லட்சத்துக்கும் சேர்த்துப் போட்டால் அது வரி அல்ல.

டோக்கன் அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். ரசீதில் வண்டி எண், பேசிய விலை, என்ன காரணத்துக்காக அட்வான்ஸ் திரும்பும் என்பதை எழுதச் சொல்லுங்கள். கடன் கிடைக்கவில்லை என்றாலோ காகிதத்தில் சிக்கல் என்றாலோ முழுதாகத் திரும்ப வேண்டும். மீதியை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தவிர, வங்கிப் பதிவைவிட நல்ல சாட்சி உங்களுக்கு அமையாது.

விற்பனைத் தாளில் நான்கு வரிகள் இருக்க வேண்டும்: மீட்டர் காட்டும் கிலோமீட்டர், பெரிய விபத்தோ வெள்ளமோ இல்லை என்ற உறுதி, விற்கும் நாள் நேரம் வரையான அபராதமும் வழக்கும் விற்பவர் பொறுப்பு, பெயர் மாற்றம் எந்தத் தேதிக்குள் யார் செலவில். இ-சலான் பாக்கியைப் பரிவாஹன் தளத்தில் அங்கேயே பார்த்து, இருந்தால் கட்டச் சொல்லுங்கள். எழுதித் தந்த உறுதி பொய்யானால் நீங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தேசிய உதவி எண் 1915.

படிவம் 29-ம் 30-ம் பெயர் மாற்றத்துக்கானவை. இவற்றில் உரிமையாளரின் கையெழுத்து மட்டும் வாங்கி, வாங்குபவர் பெயரை வெற்றிடமாக விட்டு வண்டியைக் கை மாற்றிக்கொண்டே போவதை ஓப்பன் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். “அப்படியே வச்சுக்குங்க சார், விக்கும்போது மாத்திக்கலாம், செலவு மிச்சம்” என்று உங்களுக்கும் சொல்வார்கள். ஒப்பாதீர்கள். பெயர் மாறாத வரை வண்டி உங்களுடையது அல்ல. விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு பழைய உரிமையாளர் தலையில் விழும், உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை இன்சூரன்ஸ் நிராகரிக்கலாம். அந்த உரிமையாளர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். வாங்கிய முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்கச் சட்டம் சொல்கிறது. நீங்கள் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த பின்

பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய உரிமையாளரின் என்.சி.பி. சலுகை அவருக்கே உரியது, வண்டியோடு வராது. அதற்கான வித்தியாசத்தை நிறுவனம் உங்களிடம் கேட்கும். பழைய ஃபாஸ்டேக்கை அவரை மூடச் சொல்லி உங்கள் பெயரில் புதிது எடுங்கள். இரண்டு சாவியையும் வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். இல்லாத இரண்டாவது சாவிக்குப் பின்னால் சில ஆயிரங்கள் ஆகும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யோசிக்காமல் எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, அன்றைய மீட்டரை ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது இந்த நோட்டைக் காட்டலாம்.

பேரத்தின்போதே ஐயாயிரமோ பத்தாயிரமோ, பெயர் மாறிய ஆர்.சி. வந்த பிறகு தருகிறேன் என்று நிறுத்திவைக்கப் பேசிக்கொள்ளுங்கள். நாணயமான கடைக்காரர் ஒப்புக்கொள்வார். ஆர்.சி. வந்ததும் உங்கள் பெயரின் எழுத்து, தந்தை பெயர், முகவரி, சேசிஸ் எண், ஹைப்போதிகேஷன் கட்டம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஏதாவது பிழை இருந்தால் அதைத் திருத்தித் தரும் வரை அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.